ஆண் பூ மட்டும் விலைபோகும் கடற்கரை

சென்னையிலிருந்து ஹவுரா போகும் ரயில் இச்சாபுரத்தைத் தாண்டினால் ஆந்திரம் முடிந்துவிடும். அங்கிருந்து பெர்காம்பூர், சத்ரபூர் வழியாகச் சிலிகா ஏரி கண்ணில் படும்வரை நீளும் கடலோரம் ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டம். இந்தக் கடலோர ஊர்களில் நெல்வயலுக்கு வேலி தாழை, தென்னந்தோப்புக்கு வேலி தாழை, ஊருக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டிலும் தாழை. ஆள் நுழைய முடியாத இந்த முள்புதருக்கு வேறெங்கும் இல்லாத மரியாதை இங்கே உண்டு. காரணம் அதன் பூ. அந்தப் பூவிலிருந்து இந்தியாவில் உற்பத்தியாகும் கேவடா வாசனைப் பொருளில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரு மாவட்டத்திலிருந்து போகிறது என்பது வணிகர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

கேவடா என்ற பெயர் தெரியாதவர்களுக்கும் அந்த வாசம் தெரியும். லக்னோ பிரியாணியின் மூடியைத் திறந்ததும் முதலில் வருவது அதுதான். ரசகுல்லாப் பாகில், ரமலான் மாதத்துச் சர்பத்தில், பான் கடையில் வெற்றிலைமேல் தெளிக்கும் நீரில், ஜர்தாப் பொட்டலத்தில் எல்லாம் அது இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் தாழம்பூ குங்குமம் என்று வாங்கும் சிமிழைத் திறந்தாலும் அதன் சாயல் வரும்.

கஞ்சாம் நமக்கு அவ்வளவு தூரத்து ஊரும் அல்ல. 1936 ஏப்ரல் 1 அன்று ஒடிசா தனி மாகாணமாகும்வரை அது சென்னை மாகாணத்தின் வடகோடி மாவட்டமாக இருந்தது. ஒடியாவும் தெலுங்கும் கலந்து புழங்கும் அந்த ஊர்களின் நில வரிக் கணக்கெல்லாம் கோட்டைக்குத்தான் வந்து சேர்ந்தது.

தாழை இயல்பாகவே மணல்மேட்டுச் செடி. உப்புக்காற்று மற்றச் செடிகளின் தளிரைக் கருக்கிவிடும் இடத்தில் இது நின்று வளரும். தண்டிலிருந்து கிளம்பும் விழுதுகள் சாய்வாக இறங்கி மணலில் ஊன்றிக்கொள்வதால், அடியிலிருந்து மணல் சரிந்தாலும் மரம் எளிதில் விழுவதில்லை. வாள்போல நீண்ட இலையின் இரண்டு ஓரத்திலும் முள் உண்டு. நடுநரம்பின் அடிப்புறத்தில் மூன்றாவது வரிசை ஒன்றும் உண்டு என்பது, கையை உள்ளே விட்டு வெளியே இழுத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் புதருக்குள் பாம்பு இருக்கும், பூவின் மணத்துக்கு அது வந்து சுற்றிக்கொள்ளும் என்பது நம் ஊர் நம்பிக்கை. எலியும் தவளையும் ஒளிய இவ்வளவு நல்ல இடம் கிடைத்தால், மணம் இல்லாமலேயே பாம்பு வரத்தான் செய்யும்.

தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அன்னாசிபோல் கட்டை கட்டையான காய் தொங்குவது பெண் மரம். அதன் பூவுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான மணம் கிடையாது. வெண்மையும் இளமஞ்சளுமான மடல்களுக்குள் மகரந்தப் பொடியை வைத்திருக்கும் ஆண் பூவுக்குத்தான் அந்த மணம் முழுவதும். கஞ்சாம் விவசாயி இதைத் தாவரவியல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. காசு எந்த மரத்தில் காய்க்கிறது என்று பார்த்து, ஆண் மரத்தின் பக்கக் கன்றையே வெட்டி வெட்டி நட்டு வந்தார். இன்று வரப்புகளில் நிற்பவை பெரும்பாலும் ஆண் மரங்கள். கன்று நட்டு மூன்று நான்கு ஆண்டு காத்திருந்தால் பூ வரும். பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் போட வேண்டாம், ஆடு மாடும் வாய் வைக்காது. கடற்காற்றையும் மாட்டையும் தடுக்க வைத்த வேலி, பயிரைவிட நிச்சயமான வருமானம் ஆனது இப்படித்தான்.

இந்தப் பூவின் பழைய வரலாற்றில் ஒரு முரண் உண்டு. சிவனின் அடிமுடி தேடிய கதையில், முடியைக் கண்டதாகப் பிரமன் சொன்ன பொய்க்குச் சாட்சி சொன்னது தாழம்பூ. அதனால் சிவபூசைக்கு ஆகாத பூ ஆயிற்று. ஆனால் பூசையறையில் இடமில்லாத அதே பூ, பெண்களின் தலையில் தாராளமாக இடம் பிடித்தது. மடலை மடித்து வைத்துத் தைக்கும் தாழம்பூச் சடைக்கு அரைநாள் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு தலைமுறைக்கு முன் அது இல்லாமல் பல வீடுகளில் வளைகாப்புப் படம் எடுத்ததில்லை. காஞ்சிபுரம் பட்டுக் கரையில் கூர் கூராக மேலே ஏறும் கட்டுக்குத் தாழம்பூ ரேக்கு என்றுதான் பெயர். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்திலும் தாழை இல்லாத கரையைக் காண்பது அரிது. இவ்வளவு இருந்தும், பூவைச் சூடியதோடும் துணிப்பெட்டியில் வைத்ததோடும் தமிழ்நாடு நிறுத்திக்கொண்டது. பெரிய அளவில் காய்ச்சி விற்கும் தொழில் இங்கே வளரவில்லை.

கடலுக்கு அப்பாலும் இதற்கு ரசிகர்கள் உண்டு. செங்கடலை ஒட்டிய ஏமனிலும் ஜீசானிலும் காதி என்ற பெயரில் இதை வளர்த்துச் சூடுகிறார்கள். ஐரோப்பிய அறிவியலில் இது இடம்பிடித்ததும் அந்த வழியாகத்தான். 1761-இல் டென்மார்க் அரசர் அரேபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் பேத்தர் ஃபோர்ஸ்கோல் என்ற தாவரவியலாளர் இருந்தார். ஏமனில் செடி செடியாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் 1763-இல் மலேரியாவில் இறந்துபோனார். குழுவில் உயிரோடு ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவர்தான். இறந்த நண்பரின் குறிப்புகளை அவர் 1775-இல் அச்சிட்டபோது, தாழை கெயூரா ஒடோரிஃபெரா என்ற பெயரில் அதில் இருந்தது. அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முன்பே, கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலில் கைதை என்ற மலையாளப் பெயரோடு தாழையின் படங்கள் வந்துவிட்டன.

காய்ச்சும் கலை வந்தது வடக்கிலிருந்து. அக்பரின் அவையைப் பற்றி அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில் வாசனைப் பொருள்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. தாழை வகைகளான கேதகி, கேவடா இரண்டையும் தனித்தனியாகவே அவர் சொல்கிறார். ரோஜா அத்தரைப் பற்றி ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு கதை எழுதிவைத்தார்: நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகம் பன்னீர் வடித்தபோது தட்டின்மேல் மிதந்த எண்ணெயைத் திரட்டி எடுத்தாராம். ரோஜாவுக்கு ஒரு ராஜ குடும்பத்துப் பாட்டி கிடைத்தார். கேவடாவுக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. அதன் வரலாறு முழுக்க வியாபாரிகளின் வரலாறு.

அந்த வியாபாரிகளின் ஊர் கன்னௌஜ். ஹர்ஷரின் தலைநகரமாக இருந்து, பேரரசெல்லாம் போன பிறகு வாசனையால் மட்டும் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் உத்தரப் பிரதேசத்துச் சிறு நகரம். கங்கைச் சமவெளியில் ரோஜாவும் மல்லிகையும் பக்கத்திலேயே விளைந்தன. தாழை அப்படி இல்லை. நல்ல பூவுக்குக் கடற்கரை வேண்டும். கஞ்சாமிலிருந்து கன்னௌஜுக்கு ரயிலில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பறித்த பூ ஒரு பகல் தாண்டினாலே மடல் வதங்கி மணம் இறங்கிவிடும். பூ அடுப்பைத் தேடிப் போக முடியாததால் அடுப்பு பூவைத் தேடி வந்தது. கன்னௌஜ் வணிகர்கள் செப்புப் பாத்திரங்களோடு வந்து கஞ்சாம் கிராமங்களில் கொட்டகை போட்டார்கள். பின்னர் உள்ளூர்க்காரர்களே தொழிலைக் கற்றுக்கொண்டு சொந்தமாகக் கொட்டகை வைத்தார்கள். 1890களில் கிழக்குக் கடற்கரை ரயில்பாதை பெர்காம்பூர் வழியாக ஓடத் தொடங்கியது இந்த மாதிரி வியாபாரத்துக்கு எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. மகாபலிபுரத்திலோ கன்னியாகுமரியிலோ இல்லாத தாழையா என்று கேட்டால், கஞ்சாம் பூவின் மணமே தனி என்று வணிகர்கள் சத்தியம் செய்வார்கள். இருக்கலாம். ஆனால் வரப்பு வரப்பாக ஆண் மரத்தையே நட்ட விவசாயியும், நடந்து போகும் தூரத்தில் வாங்கக் காத்திருந்த கொட்டகையும் சேர்ந்து அமைந்தது அங்கேதான். மண்ணின் பெருமையில் பாதியையாவது இந்த ஏற்பாட்டின் கணக்கில் எழுதலாம்.

பூக்காலம் ஆண்டில் இரண்டு மூன்று முறை தலைகாட்டினாலும், மழையோடு வரும் ஆடி, ஆவணிதான் பெரிய பருவம். வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். நீண்ட மூங்கிலின் நுனியில் சிறு அரிவாளைக் கட்டி, புதருக்கு வெளியே நின்றபடியே காம்பை அறுத்துக் கீழே தள்ளுகிறார்கள். பூவை எடை போடுவதில்லை, எண்ணித்தான் விற்பனை. மணி ஆக ஆக வாசம் குறையும், வாசம் குறையக் குறைய விலை குறையும். காலையில் பேரம் பேசத் தெம்பு இருப்பவருக்கு மதியம் அது இருக்காது. கொட்டகைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும்.

கொட்டகைக்குள் இருப்பது சித்த மருத்துவர்கள் வாலை என்று சொல்லும் அதே ஏற்பாடுதான். தேக் என்ற பெரிய செப்புப் பானையைச் செங்கல் அடுப்பில் ஏற்றி, ஏறக்குறைய ஆயிரம் பூவைப் போட்டுத் தண்ணீர் விடுகிறார்கள். மூடியை வைத்து, களிமண்ணும் பஞ்சும் பிசைந்து சுற்றிலும் பூசி அடைக்கிறார்கள். மூடியிலிருந்து கயிறு சுற்றிய மூங்கில் குழாய் ஒன்று இறங்கி, பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிக் கிடக்கும் பப்கா என்ற குறுகிய கழுத்துள்ள செப்புக் குடத்துக்குள் போகும். ஆவி மூங்கில் வழியே வந்து குடத்தில் குளிர்ந்து நீராகும். கொட்டகைக்குள் ஒரு வெப்பமானியும் கிடையாது. தொட்டியில் கையை விட்டுக் குடத்தைத் தடவிப் பார்ப்பவர், எவ்வளவு இறங்கியிருக்கிறது, தண்ணீரை மாற்ற வேண்டுமா என்று சொல்லிவிடுவார். சூடு மிஞ்சினால் ஈரத்துணியைத் தேக்கின்மேல் போடுவார்கள். தணிந்தால் இன்னொரு விறகு.

குடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று சரக்கு வரும். குடம் வெறுமையாக இருந்தால் இறங்குவது கேவடா நீர். பிரியாணிக்கும் இனிப்புக்கும் போவது. குடத்தில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்திருந்தால், ஆவி கொண்டுவரும் மணத்தை அந்த எண்ணெய் பிடித்துக்கொள்ளும். ஆறியதும் அடியில் தங்கிய நீரை மட்டும் வடித்துத் தேக்கிலேயே திரும்ப ஊற்றிவிட்டு, மறுநாள் புதுப் பூவைப் போட்டு அதே எண்ணெய்மேல் மறுபடியும் இறக்குவார்கள். இப்படிப் பல நாள் ஏற்றினால் அத்தர். எந்த எண்ணெயும் சேர்க்காமல் பூவின் சாரத்தை மட்டும் பிரித்தெடுத்தால் ரூஹ். ஆயிரக்கணக்கான பூவுக்குச் சில துளி என்பதால், அசல் ரூஹ் கிலோ விலையை லட்சத்தில்தான் சொல்வார்கள். முன்னெல்லாம் அத்தரை ஒட்டகத் தோலில் செய்த குப்பியில் அடைத்து வெயிலில் வைப்பது வழக்கம். மிச்சமிருக்கும் ஈரம் தோல் வழியே கசிந்து போய்விடும், வாசம் உள்ளே நிற்கும்.

குப்பியோ டின்னோ, எதில் அடைத்தாலும் சரக்கு போன திசை கன்னௌஜ். அங்கே கலந்து, சீட்டு ஒட்டி, டெல்லிக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பினார்கள். காய்ச்சியது கஞ்சாம், பெயர் வாங்கியது கன்னௌஜ். கஞ்சாம் கேவடா பூ, கஞ்சாம் கேவடா ரூஹ் என்று இரண்டுக்கும் புவிசார் குறியீடு வாங்கிய பிறகும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. விலை வாங்குபவர் ஊரில் முடிவானது, விற்பவர் ஊரில் தெரியவந்தது.

வாங்கும் கையும் காலத்துக்குக் காலம் மாறியது. நவாபுகளும் ஜமீன்தார்களும் போன பிறகு கேவடாவைத் தாங்கிப் பிடித்தது பான் மசாலாவும் குட்காவும். புகையிலையின் காரத்தை மூடி மறைக்க ஒரு கனமான வாசனை வேண்டும். ரோஜா அங்கே அமுங்கிப்போகும், கேவடா நிற்கும். எழுபது, எண்பதுகளில் சிறு பொட்டலங்கள் நாடு முழுக்கக் கடை வாசலில் தொங்கத் தொடங்கியதும், பூவுக்குக் கேட்பு எகிறியது. காடாகக் கிடந்த மணல்மேட்டுத் தாழையும் விலைக்கு வந்தது. வாய்ப்புற்று மருத்துவர்கள் எதைக் கண்டு பயந்தார்களோ, அதையே நம்பிக் கடலோரக் குடும்பங்கள் ஓடு போட்ட வீடு கட்டின என்பது சங்கடமான உண்மை.

அந்தச் செழிப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு நிலத் தகராறே சாட்சி. 1995-இல் கோபால்பூர் அருகே பெரிய எஃகு ஆலை கட்ட டாடா நிறுவனம் ஒடிசா அரசோடு ஒப்பந்தம் போட்டது. நிலம் எடுக்க வந்தபோது ஊர்கள் எதிர்த்து நின்றன. நெல் விளையும் நிலத்துக்கு இழப்பீடு கணக்குப் போடலாம், வரப்பில் நிற்கும் தாழை ஆண்டுதோறும் தருவதற்கு என்ன கணக்கு என்பது அவர்களின் வாதங்களில் முக்கியமானது. அரசின் பதிவேட்டில் வேலி என்று இருந்ததை ஊர்க்காரர்கள் தோட்டம் என்றார்கள். அன்று திட்டமிட்ட ஆலை அங்கே வரவில்லை. எடுத்த நிலம் பின்னாளில் தொழிற்பூங்கா ஆனது. அந்த ஒப்பந்தத்துக்குப் பத்தாண்டு முன்பே சத்ரபூர் மணல்மேடுகளுக்கு வேறொரு மதிப்பு வந்துவிட்டது. அந்த மணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் இருப்பதால், இந்தியன் ரேர் எர்த்ஸ் என்று முன்பு பெயர் கொண்டிருந்த மத்திய அரசு நிறுவனம் 1980களின் நடுவிலிருந்து அங்கே மணலை வாரிக் கனிமத்தைப் பிரிக்கிறது. தாழை வேரூன்றிய மணலே சரக்காகிவிட்ட இடம் அது.

அடி விழுந்தது மூன்று பக்கத்திலிருந்து. முதலாவது சந்தனம். மரம் அருகி எண்ணெய் விலை ஏற ஏற, அத்தர் குடத்தில் சந்தன எண்ணெய்க்குப் பதில் திரவப் பாரஃபின் வந்து உட்கார்ந்தது. வாசத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் தனக்கென்று ஒரு வாசமும் இல்லாத எண்ணெய். பழைய ரசிகர்கள் அதை அத்தர் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ளாதவர்களில் எத்தனை பேர் சந்தன அத்தருக்கு உண்டான விலையைக் கொடுத்தார்கள் என்பது வேறு கேள்வி.

இரண்டாவது சட்டம். 2012-இல் மத்தியப் பிரதேசம் தொடங்கி மாநிலம் மாநிலமாகக் குட்காவைத் தடை செய்தார்கள். ஒடிசாவில் 2013 ஜனவரியில் தடை வந்தது, தமிழ்நாட்டில் அதே ஆண்டு மே மாதம். பாக்கு ஒரு பொட்டலம், புகையிலை இன்னொரு பொட்டலம் என்று பிரித்து விற்கும் தந்திரம் உடனே கண்டுபிடிக்கப்பட்டாலும், வாங்கும் ஆலைகள் கையைச் சுருக்கிக்கொண்டன. பூ விலை படுத்தது. பொதுச் சுகாதாரத்துக்கு நல்லதென்று யாரும் மறுக்க முடியாத சட்டம்தான். ஆனால் அதன் ஒரு முனை மணல்மேட்டில் அரிவாள் கழியோடு நின்றவர்மீது விழும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது காற்று. அதே 2013 அக்டோபர் 12 இரவு, மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தோடு பைலின் புயல் கோபால்பூரில் கரையேறியது. முன்கூட்டியே லட்சக்கணக்கானவர்களை வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் குறைவு. மரங்களை யார் வெளியேற்றுவது? ஆயிரம் காற்றுக்கு நின்ற தாழைகளும் முறிந்தன, உப்பு நீரில் கருகின. நட்ட கன்று பூக்க மூன்று நான்கு ஆண்டு ஆகும் பயிருக்கு ஒரு புயல் என்பது ஓர் ஆண்டு நஷ்டத்தோடு முடிவதில்லை. 2018-இல் தித்லி புயல் மறுபடியும் அந்தப் பக்கம் வந்தது.

வேலை குறைந்தால் வெளியூர் போவது கஞ்சாமுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் கோபால்பூரில் கப்பலேறி ரங்கூன் போனார்கள். இப்போது சூரத்தின் விசைத்தறிக் கூடங்களில் கஞ்சாம் ஒடியா கேட்காத தெரு குறைவு. விடியலில் எழுந்து முள்ளுக்குள் கழி நீட்டும் வேலைக்கு இளைஞர் கிடைப்பதில்லை என்பது கொட்டகைக்காரர்களின் இன்றைய புலம்பல்.

இத்தனைக்கும் நடுவில் மெதுவாக வேலையைப் பார்த்தது வேதியியல். கேவடா எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இருப்பது ஃபீனைல் எத்தில் மெத்தில் ஈதர் என்ற ஒற்றைப் பொருள். ரோஜாவையோ மல்லிகையையோ போலி செய்வதென்றால் பல பொருள்களை அளவறிந்து சேர்க்க வேண்டும். கேவடாவுக்கு இந்த ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். ஆலையில் அதைச் செய்வது எளிது, மலிவு. மளிகைக் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் கேவ்ரா வாட்டர் பாட்டில்களில் பலவற்றுக்குத் தாழை மரம் என்றால் என்னவென்றே தெரியாது.

கன்னௌஜில் 1991-இல் தொடங்கிய நறுமணம், சுவை மேம்பாட்டு மையத்துக்குப் பெர்காம்பூரில் ஒரு கிளை உண்டு. பரிசோதனைக்கு வரும் சரக்கை அத்தகைய ஆய்வகங்களில் வாயு நிறப்பிரிகைக் கருவியில் ஏற்றினால், முதலில் உயர்ந்து நிற்பது அந்த ஈதர்தான்; அசலிலும் அது உண்டு, போலியிலும் உண்டு. ஆகவே அடுத்து டெர்பினென்-4-ஆல் இருக்கிறதா, அதன் பின்னால் வரும் சின்னச் சின்னப் பொருள்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். பூவிலிருந்து இறங்கிய எண்ணெயில் அவை இருக்கும். ஈதரை மட்டும் கரைத்த பாட்டிலில் ஒற்றைக் கோடு மேலே ஏறி இறங்கிவிட்டு, காகிதம் வெறுமையாக ஓடும். பழைய வியாபாரிக்கு இந்தக் கருவி தேவைப்பட்டதில்லை. புறங்கையில் ஒரு துளி தடவிக்கொண்டு, டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் முகர்ந்து பார்த்து விலை சொல்வார்.